கேலனுக்கு எட்டு மைல்

நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை.
மிதித்தால் முனகும்.
பென்யாஸ்கோ ஏற்றத்தில்
பள்ளிக்கூடப் பேருந்து என்னை முந்திப் போயிற்று.
பின்கண்ணாடியில் பிள்ளைகள் கையசைத்தார்கள்.
மதியம் அவர்களுக்கு பீன்ஸ் அள்ளிப் போடுகிறவள் நான்.
மறுநாள் வரிசையில் சிரிப்பு ஓயவில்லை.

எண்பத்தொன்பதில் பிறந்த ஷெவி.
சிவப்பாக இருந்ததாம்;
என்னிடம் வரும்போதே
கூரையில் மறந்துபோன மிளகாயின் நிறம்.

ஆளுக்கொரு வைத்தியம்.
பெட்ரோல் பம்ப் என்றான் அண்ணன் ரோமூலோ.
ஏழாயிரத்தைந்நூறு அடி உயரம்,
மனுஷருக்கே மூச்சு வாங்குகிறதே என்றார் தபால்காரர்.
(போன வருஷமும் மலை இங்கேதானே இருந்தது?)
விற்றுத் தொலை என்றாள் அண்ணி.
எதற்கும் அவள் அதைத்தான் சொல்வாள்,
அண்ணனைப் பற்றியும் ஒருமுறை சொன்னாள்.

காற்று வடிகட்டி மாற்றினேன்.
பெட்ரோல் வடிகட்டி மாற்றினேன்.
டப்பாவில் விற்கிற நீலத் திரவமொன்றை
டாங்கில் ஊற்றினேன்.
அறுபத்தெட்டு டாலர் போயிற்று,
எட்டு மைல் எட்டாகவே நின்றது.

ஃபெர்மீனிடம் கொண்டுபோனேன்.
என் வரிசையில் நின்று வளர்ந்தவன்,
இப்போது தாடி.
மூடியைத் திறக்குமுன் கேட்டான்:
கணக்கு வைத்திருக்கிறீர்களா?

இருந்தது. வெயில் தடுப்பில் செருகிய சின்ன நோட்டு.
தேதி, மைல், கேலன்.
பதினான்கு, பதினான்கு, பதிமூன்றரை, பதினான்கு.
அக்டோபர் ஒன்பதோடு வெறும் தாள்.
ஏன் நிறுத்தினீர்கள்?
பென்சில் தொலைந்துவிட்டது என்றேன்.
பார்த்தான்.
தட்டில் பீன்ஸை மிச்சம் வைத்த காலத்தில்
நான் அவனைப் பார்த்த அதே பார்வை.

வேக்குவம் கேஜைப் பூட்டினான்.
நாடி பிடிப்பவன்போல் முகத்தை
எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டான்.
சும்மா ஓடுகையில் முள்
அவ்வப்போது ஒரு துள்ளு துள்ளியது.
ம், என்றான்.
மிதியுங்கள். மிதித்தேன். அப்படியே பிடியுங்கள்.
முள் இறங்கத் தொடங்கியது.
திருப்பலி முடியுமுன் நழுவுகிறவர்களைப்போல
சத்தமில்லாமல், ஒவ்வொரு கோடாக.
உள்ளே இழுத்த மூச்சை
வெளியே விட முடியவில்லை இதற்கு, என்றான்.

புகைக்குழாயிலிருந்து சென்சாரைக் கழற்றினான்.
கட்டைவிரல் பருமன் ஓட்டைதான்.
ஆறு மாதம் அடக்கி வைத்ததையெல்லாம்
வண்டி அதன் வழியே கத்தியது.
அவன் நாய் பெஞ்சுக்கடியில் போய்
அன்று முழுக்க வெளியே வரவில்லை.
முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம்:
மிதித்த இடத்தில் பாய்ச்சல்!
எனக்கு அதுபோதும், இப்படியே கொடு என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை.

கன்வெர்ட்டரை அறுத்துக் காட்டினான்.
தேன்கூடாய் இருந்திருக்க வேண்டியது
அடிப்பிடித்த பாகாய் உறைந்து கிடந்தது.
எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரிந்திருக்கிறது;
புதிதாய்ப் போட்டால் அதையும் உருக்கும்.
எங்கே எரியாமல் வந்தது என்று பார்ப்போம்.

பொழுது சாயும்வரை காத்திருந்தோம்.
மலைக்குப் பின்னால் வெளிச்சம் தீர்ந்ததும்
இஞ்சினை முடுக்கி, மூடியைத் தூக்கி
இருவரும் குனிந்தோம்.
ஆறாவது வயரிலிருந்து
ஒரு நீலப் பொறி இரும்புக்குத் தாவியது.
மறுபடி. மறுபடி.
அழகாகத்தான் இருந்தது, என் காசு.

வயரில் பல் பட்ட தடம்.
பேட்டரிக்குப் பின்னால் காட்டெலிக் கூடு:
கள்ளி முள், பின்யோன் கொட்டை ஓடு,
சோடா மூடி, கம்பளிக் கையுறையின் ஒரு விரல்,
என் பென்சில்.

நானூற்றுப் பன்னிரண்டு டாலர், மூன்று தவணை.
பேருந்தை நேற்று அதே ஏற்றத்தில் முந்தினேன்.
ஹார்ன் அடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

முனை கடிபட்ட பென்சிலால்
அக்டோபர் ஒன்பதுக்குக் கீழே
ஏப்ரல் இருபத்திரண்டு என்று எழுதினேன்.
பதின்மூன்று.
இன்னும் ஒன்று எங்கே என்று கேட்பான் ஃபெர்மீன்.
பனிக்கு வழுக்காமலிருக்கப் பின்பெட்டியில் போட்ட
ஆறு மணல் மூட்டைகள்
தார்ப்பாய்க்கடியில் அப்படியே இருக்கின்றன.
இருட்டியதும் இறக்கிவிடுவேன்.